ஊர் காட்டிய அக்கா

அக்காவை நான் முதன்முதலாகக் கண்டபோது அவர் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தார்.

பலெர்மோவுக்கு வந்து எனக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இங்கே வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் லீவு. அப்படியொரு வியாழன், தனியே போய்ப் பழகு என்று சொல்லி என் கணவர் என்னை ஸ்ஃபெர்ராகவால்லோ பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அது ஒரு சின்ன மீன்பிடி ஊர். கடலைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தால் போதும் என்றார். பஸ்ஸில் கூட்டம். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன் தன் உடம்பை என்னோடு சேர்த்து அழுத்தினான். நான் முன்னால் நகர்ந்தேன். அவனும் நகர்ந்தான். கத்துவதென்றால் எந்தப் பாஷையில் கத்துவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். அகன்ற தோள். கையில் எவர்சில்வர் சுடுதண்ணீர்ப் போத்தல்.  போத்தலின் அடிப்பக்கத்தால் அவன் வாயில் ஓங்கி அடித்தார். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் குனிந்ததும் பிடரியில் இன்னொன்று. ட்ரைவர் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். அவன் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினான்.

அதற்குப் பிறகுதான் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தமிழோ?"

தலையாட்டினேன்.

"எங்கை போறாய்?"

கடல் பார்க்க என்றேன்.

"வா. நானும் அங்கைதான்."

ஸ்ஃபெர்ராகவால்லோவில் படகுகள் கட்டியிருந்த இடத்தில் ஒரு சுவரில் உட்கார்ந்தோம். அக்கா போத்தலை முழங்கால்களுக்கிடையில் இறுக்கி வைத்துத் திறக்கப் பார்த்தார். மூடி நெளிந்துபோய் இருந்தது. அந்த மனிதனை அவர் திட்டியது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். தேத்தண்ணீர் குடிக்க முடியாமல் போனதற்காக. எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மொண்டெல்லோப் பக்கத்து மலையில் ஒரு குகை இருக்கிறதாம், பல்லாயிரம் வருடத்துக்கு முந்திய மனிதர் அதன் சுவரில் ஆட்களின் உருவங்களைக் கீறி வைத்திருக்கிறார்களாம், அதில் இரண்டு பேர் கழுத்தும் காலும் ஒரே கயிற்றால் பின்பக்கமாக வளைத்துக் கட்டப்பட்டிருக்கிறார்களாம். பலி கொடுக்கிற காட்சி என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்களாம். இதையெல்லாம் சந்தை விலை சொல்வதுபோலச் சொன்னார். குகையைப் பூட்டி வைத்திருப்பதுதான் அவருக்குக் கோபம்.

அவருடைய வழக்கமே அதுதான். எந்த இடத்துக்குக் கூட்டிப்போனாலும் அங்கே யார் யாரைக் கொன்றார்கள் என்பதிலிருந்துதான் தொடங்குவார். கோயில் அழகு, கடல் அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

இவ்வளவும் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் வேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, ஒரு சரித்திர வாத்தியாரின் விதவை. படுக்கையில் கிடந்த கிழவி. வீடு நிறைய வாத்தியாரின் புத்தகங்கள். கிழவிக்கு நினைவு நன்றாக இருந்த காலத்தில் தினமும் மத்தியானம் ஒரு புத்தகத்தை எடுத்து அக்காவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அக்கா ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவர். பிறந்தது தீவுப்பகுதியில். கேட்ட ஒன்றையும் மறக்கமாட்டார். கேட்ட இடத்தைக் கண்ணால் பார்க்காமல் விடவும்மாட்டார். தனியே போய்ப் பார்த்தால் போதாது என்று எங்களைப் போன்ற வேலைக்காரப் பெண்களை இழுத்துக்கொண்டு போவார்.

போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் இருந்த தமிழ்க் கடையில் அவரைச் சண்டியன் என்றுதான் ஆண்கள் சொல்வார்கள். அவர் உள்ளே வந்தால் கதை நின்றுவிடும். ஒருமுறை அதே கடையில், சம்பளம் கொடுக்காமல் ஒரு பெண்ணை வைத்து வேலை வாங்கிய நம் ஆள் ஒருவனின் தலையைப் பிடித்து அக்கா அரிசி மூட்டையில் அழுத்தினார். அவன் கால் உதறுவது நிற்கிற வரைக்கும் விடவில்லை. விட்டதும் அவன் இருமிக்கொண்டே வெளியே தவழ்ந்தான். யாரும் பொலிசுக்குச் சொல்லவில்லை. யாரும் அவனுக்காகப் பரிந்து பேசவும் இல்லை.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் அவருக்கு என்னவோ நடந்திருக்கிறது, அதனால்தான் இப்படியோ என்று எங்களில் ஒருத்தி அவரிடமே கேட்டாள். அக்கா யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "இல்லை. சின்னனிலையே நான் இப்படித்தான். சண்டைக்கு முந்தியே."

என்னையும் அடித்திருக்கிறார். மொன்றியாலேயில். அங்கே பேராலயத்தை ஒட்டி ஒரு மடம் இருக்கிறது. சதுரமான முற்றம், அதைச் சுற்றி இருநூறுக்கு மேற்பட்ட தூண்கள், இரண்டிரண்டாக. வாசலில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஒரு குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. வீடு துடைக்கிற எங்களுக்கு இதெல்லாம் எதற்கு, திரும்பிப் போவோம் என்று அக்காவிடம் சொன்னேன்.

கன்னத்தில் விழுந்த அடியில் காது இரைந்தது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிரித்த குடும்பமும் பார்த்தது.

"துடைக்கிறவளுக்குக் கண் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். போகாவிட்டால் இன்னொன்று விழும் என்ற பயம். உள்ளே அவர் ஒவ்வொரு தூணாக நின்று பார்த்தார். தூண்களின் தலைப்பில் கல்லில் செதுக்கிய சின்னச் சின்ன மனிதர்கள். கேடயமும் வாளுமாக இரண்டு பேர் சண்டை பிடிக்கிற ஒன்றின் முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, அதில் ஒருவனுடைய முழங்கை எவ்வளவு சரியாக மடிந்திருக்கிறது என்று காட்டினார். அடிக்கத் தெரிந்தவன்தான் அதைச் செதுக்கியிருப்பான் என்றார். என் கன்னத்தில் அவருடைய விரல் அடையாளம் அப்போதும் இருந்தது.

என்னை அப்பாவும் அடித்ததில்லை, கணவரும் அடித்ததில்லை. மூன்று கிழமை அக்காவோடு கதைக்கவில்லை. அந்த உறவை விட்டுவிடு என்று கணவரும் சொன்னார். நாலாவது கிழமை கபோ சந்தையில் நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை செஜெஸ்தா, எட்டு மணிக்கு பஸ் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் போனேன். அடித்தவரிடம் ஏன் திரும்பிப் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகச் சொல்லத் தெரியாது.

செஜெஸ்தாவுக்குத்தான் ஸ்டெல்லா முதன்முறை வந்தாள். மன்னார்ப் பிள்ளை, இருபத்தெட்டு வயது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவள். அன்றைக்குப் பூசையை விட்டுவிட்டு வந்திருந்தாள். கணவனுக்கு ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் வேலை. வெயில் கொளுத்தியது. ஸ்டெல்லா கழுத்தில் சால்வையைச் சுற்றியிருந்தாள்.

செஜெஸ்தாவில் ஒரு குன்றின் மேல் கூரையில்லாத பெரிய கோயில் தனியே நிற்கிறது. சுற்றிவர வெறும் வயலும் மலையும். எதிர்க்குன்றில் கல்லால் கட்டிய அரங்கு. அதன் படிகளில் உட்கார்ந்து பார்த்தால் தூரத்தில் கடல் தெரியும். அங்கே வைத்து அக்கா கதை சொன்னார். ஒரு கொடுங்கோலன் இந்த ஊருக்குள் வந்து ஏழைகளை ஆற்றங்கரையில் நிறுத்தி வெட்டினானாம். பணக்காரரை, பணம் ஒளித்த இடத்தைச் சொல்லும் வரை சித்திரவதை செய்தானாம். சிலரைக் கல் எறிகிற பொறியில் கட்டி எறிந்தானாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி ஸ்டெல்லாவின் சால்வையை இழுத்தார். கழுத்தில் நீலமாக நாலு விரல் தடம். பெருவிரல் தடம் மற்றப் பக்கம்.

ஸ்டெல்லா சால்வையைப் பறித்துத் திரும்பச் சுற்றினாள். அக்கா பிறகு கதையைத் தொடரவில்லை. பஸ்ஸில் வரும்போது முழுவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

செஃபலூவுக்கு நாங்கள் போனது அதற்கு அடுத்த வருடம், ஏப்ரலில் ஒரு ஞாயிறு. ரயிலில் ஒரு மணித்தியாலம். கடலோரத்தில் சின்ன ஊர். ஊருக்குப் பின்னால் சுவர் எழுப்பியது போல ஒரு பெரிய பாறை மலை. பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களையும், தெருவுக்குக் கீழே படியிறங்கிப் போகிற பழைய சலவைத் துறையையும் பார்த்துவிட்டு மலை ஏறினோம். அக்கா, நான், ஸ்டெல்லா. பாதி உயரத்தில் கோட்டைச் சுவர்; அதைத் தாண்டினால் பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு பழைய கோயிலின் இடிபாடு. தியானா என்ற பெண் தெய்வத்தின் கோயில் என்கிறார்கள். அந்தக் கற்களின் நிழலில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். ஸ்டெல்லா அன்றைக்கு நன்றாகச் சிரித்தாள். கீழே கடல் பச்சையாகவும் நீலமாகவும் கிடந்தது.

அவள் வீட்டில் சொல்லிவிட்டு வந்தது வேறு. மாதா கோயிலில் கூட்டம் என்று சொல்லியிருக்கிறாள். யாரோ அவள் கணவனுக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ரயிலில் வந்து, மலையும் ஏறி, மூச்சு வாங்க அவன் எங்கள் முன்னால் வந்து நின்றபோது என் கையில் கடித்த பாண் இருந்தது.

எங்கள் இருவரையும் அவன் பார்க்கவே இல்லை. ஸ்டெல்லாவின் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து இழுத்தான். அவள் உட்கார்ந்தபடியே கல்லில் இழுபட்டாள். முழங்கால் உரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோது அவள் முகத்தை அந்தக் கோயில் சுவரில் மோதினான். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. கல்லில் இரத்தம் ஒட்டிக்கொண்டது.

அக்கா எழுந்தார். தேங்காயளவு ஒரு கல்லைத் தூக்கினார். அவனுடைய காதுக்கு மேலே அடித்தார். அவன் பின்னலை விட்டுவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். இரத்தம் கழுத்தால் வழிந்து சட்டைக்குள் போனது. இரண்டு கையையும் தூக்கி, "விட்டிட்டன் அக்கா, விட்டிட்டன்," என்றான். சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னான்.

அதோடு முடிந்திருக்கலாம். முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அக்கா அவன் பக்கத்தில் முழந்தாளிட்டார். அவனுடைய வலது மணிக்கட்டை இழுத்துக் கோயில் கல்லின் மேல் வைத்துத் தன் முழங்காலால் அழுத்திப் பிடித்தார். பிறகு கல்லை இறக்கினார். விரல்களின் மேல். அவன் கத்திய கத்தலில் மேலே மலையுச்சிப் பக்கம் நின்ற சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா கல்லைத் திரும்பத் தூக்கினார், திரும்ப இறக்கினார். நாலு தரம். அவசரப்படவில்லை. மூச்சு வாங்கவில்லை. உரலில் மிளகாய் இடிக்கிறவரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஸ்டெல்லாதான் பாய்ந்தாள். முகமெல்லாம் இரத்தத்தோடு வந்து அக்காவின் முழங்கைக்குக் கீழே பல் பதியக் கடித்தாள். அக்கா கல்லை விட்டார். நான் பாணைப் பிடித்தபடி நின்றேன்.

அவனைத் தூக்குப்படுக்கையில் கட்டி இறக்க மூன்று மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் அக்கா கோட்டைச் சுவரில் சாய்ந்து, கடிபட்ட கையைத் சால்வையால் சுற்றிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி இருந்தார். ஓடவில்லை. காரபினியேரிப் பொலிசார் வந்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

என்னைத் தனியே வைத்து விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. என்னைவிட இளையவர். கணவர் அதற்குள் பலெர்மோவிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். இங்கே தங்குவதற்கான என் அனுமதிப் பத்திரத்தை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல் என்றார். நம் ஆட்கள் தொலைபேசியில் எடுத்து, அவன் கடைசிவரை பின்னலை விடவே இல்லை என்று சொல் என்றார்கள். ஸ்டெல்லா ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள்: தான் கல்லில் வழுக்கி விழுந்ததாகவும், தன் கணவன் தூக்க வந்தபோது அக்கா காரணமில்லாமல் அடித்ததாகவும்.

நான் கண்டதைச் சொன்னேன். பின்னலைச் சொன்னேன். சுவரில் மோதியதைச் சொன்னேன். அவன் விட்டுவிட்டான் என்பதையும், கையைத் தூக்கினான் என்பதையும், அதற்குப் பிறகு நாலு தரம் என்பதையும் சொன்னேன். அந்த அதிகாரி எண்ணிக்கையைத் திரும்பக் கேட்டார். நாலு என்றேன்.

முதல் பாதி அக்காவுக்கு உதவியது. இரண்டாம் பாதி அவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது. வழக்கு நீண்டுபோய், கடைசியில் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே வீட்டுக்காவல் என்று ஆனது. கிழவியின் மகன்தான் வழக்கறிஞரைப் பிடித்து அதைச் செய்தார். அக்காவைத் தவிர வேறு யார் கையாலும் அவர் தாய் சாப்பிடுவதில்லை. போர்கோ வெக்கியோ கடையில் எனக்கு அரிசி போட்டுத் தருவார்கள், கதைக்கமாட்டார்கள். காட்டிக்கொடுத்தவள் என்று என் காதுபடவே சொன்னார்கள். அக்கா கடைக்கு வந்துபோன காலத்தில் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவர்கள் அல்ல அவர்கள்.

வீட்டுக்காவல் தொடங்கி ஏழெட்டு மாதம் கழித்து அனுமதி எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் கிழவிக்குக் கரண்டியால் சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். கிழவிக்கு நினைவு முற்றாகப் போய்விட்டிருந்தது. கரண்டியைத் தட்டிவிட்டு அக்காவின் கன்னத்தில் பளீரென்று அடித்தார்.  அக்கா கன்னத்தில் தெறித்த சூப்பைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தார். இரண்டாவது அடியும் விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டு, ஊதி ஆற்றி ஊட்டினார்.

நான் கதவோடு நின்றதை அவர் கவனித்தார்.

"பயப்பிடாதை. இரு."

இருந்தேன்.  அவரே தொடங்கினார். "நீ சொன்னது சரி. அவன் விட்டிட்டான். எனக்குத் தெரியும். முதல் அடி ஸ்டெல்லாவுக்கு. மிச்சம் எனக்கு."

விளங்கவில்லை என்றேன்.

"நல்லாயிருந்தது பிள்ளை," என்றார். கிழவியின் வாயைத் துணியால் ஒற்றிக்கொண்டே சொன்னார். "நிப்பாட்ட மனம் வரேல்லை. அவள் கடிச்சிருக்காட்டி மற்றக் கையையும் எடுத்திருப்பன்."

நான் சொல்ல வந்த விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். ஸ்டெல்லாவை முந்தின கிழமை சந்தையில் கண்டேன். முகத்தின் வலப்பக்கம் வீங்கியிருந்தது. அவனுடைய வலக்கை விரல்கள் இனி மடங்காது, ஹோட்டல் வேலையும் போய்விட்டது. வீட்டிலேயே இருக்கிறான். இடக்கையால் அடிக்கப் பழகிவிட்டான்.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.  கை இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன.

"நான் வெளிக்கிடேலாது," என்றார் கடைசியில். "போனாலும் எனக்கு அடிக்க மட்டும்தான் தெரியும். நீ போ. அவளைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய், என்னைப் பற்றிச் சொன்ன மாதிரி அவனைப் பற்றியும் சொல்லு. ஒண்டும் கூட்டாதை, குறையாதை."

ஸ்டெல்லாவிடம் மூன்று தரம் போனேன். முதல் தரம் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தரம் திறந்து, அடித்தவனிடம் நான் இருந்தால் உனக்கு என்ன, நீயும்தானே மொன்றியாலேக்குப் பிறகு அக்காவிடம் திரும்பிப் போனாய் என்று கேட்டாள்.  கொஞ்ச நேரம் அவளுடைய சமையலறைக் கதிரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மூன்றாம் தரம் அவளே ஒரு பையோடு படியில் நின்றாள். உதடு கிழிந்திருந்தது. இருவரும் பொலிசுக்குப் போனோம். இந்தமுறை அவள் வழுக்கி விழுந்ததாகச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்து, செஜெஸ்தாவில் கழுத்தில் கண்ட தடத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளைப் பெண்களுக்கான ஒரு பாதுகாப்பு வீட்டில் சேர்த்தார்கள். அவன் அவளுக்குக் கிட்ட வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. பிறகு வடக்கே எங்கோ போய்விட்டான் என்று கேள்வி.

சிஞ்ஞோரா இறந்தபோது அக்காவின் தண்டனையில் கொஞ்சக் காலம் மிச்சம் இருந்தது. மகன் வேறொரு முகவரிக்கு மாற்றிக் கொடுத்தார். அது முடிந்ததும் அக்கா யாருக்கும் சொல்லாமல் போனார். ஜெர்மனியில் தங்கை இருக்கிறாள் என்பார்கள். ஊருக்கே திரும்பிவிட்டார் என்றும் சொல்வார்கள். எனக்கும் சொல்லவில்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

ஸ்டெல்லா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிவிட்டாள். போன கோடையில் நானும் அவளும் சிங்காரோ வனத்துக்குப் போனோம். கடலோரமாகப் பாறைகளில் ஏறி இறங்கிப் போகிற நீண்ட ஒற்றையடிப் பாதை. வழியில் ஒரு சின்னக் கடற்கரையில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இன்னும் கனவு வருகிறது என்றாள். அவன் வருகிறானா என்று கேட்டேன்.

"இல்லை. அவன்ரை முகம் இப்ப வாறேல்லை. அக்காதான் வாறா. கல்லோடை குனிஞ்சிருக்கிறா. நான் கடிக்கிறன். நிமிர்ந்து என்னைப் பாக்கிறா. அதோடை முழிச்சிடுவன்."

அலை வந்து எங்கள் செருப்புகளை இழுத்தது. அவள் எட்டி எடுத்து வைத்தாள்.

"எங்கை இருக்கிறா எண்டு தெரிஞ்சால் எனக்குச் சொல்லு," என்றாள். "எனக்கு அவவை ஒருக்காப் பாக்கவேணும்."